தம்பியின் சம்பளம்

என் தம்பி மொன்ட்ரியாலில் லொறி ஓட்டிய காலத்தில் அவனுடைய சம்பளத்தில் மூன்று பேருக்கு உரிமை இருந்தது. எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று சொன்னது அரசாங்கம். கொடுத்தவர் அவனுடைய அத்தான், என் வீட்டுக்காரர். வாங்கி வைத்தவள் நான். உழைத்தவனுக்கு மட்டும் அதில் பேச்சே இல்லை. இதைப் பகிடியாகச் சொல்லி எத்தனையோ முறை அவனைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் ஒரு வாடகைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரரிடம் இரண்டு லொறிகள் இருந்தன. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கத்துத் தோட்டங்களில் ஆப்பிளும் சோளமும் ஏற்றிவந்து ஜான்-டலோன் சந்தையில் இறக்குவது, அங்கிருந்து மரக்கறிப் பெட்டிகளை டெப்பனர் என்கிற தெருமுனைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இதுதான் தொழில். ஒரு லொறியை இவர் ஓட்டினார். மற்றதை ஓட்ட வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. முதல் பனி கொட்டியதும் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

என் தம்பி அப்போது வளைகுடாவில் தண்ணீர் ஏற்றுகிற பவுசர் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவியும் ஒரே மகளும் மன்னாரில். பிள்ளை பிறந்தபோது அவன் பக்கத்தில் இல்லை, நடக்கப் பழகியபோதும் இல்லை. அங்கே அவனுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஒரு நடை போய்வந்தால் இவ்வளவு என்று கணக்கு. அதிக நடை ஓடினால் அதிக காசு. நித்திரை கொண்டால் காசு இல்லை. கடவுச்சீட்டு முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள். தொலைபேசியில் அவன் கதைக்கும்போது பாதிப் பேச்சில் கொட்டாவி வரும்.

இந்த நாட்டில் பெற்றோரைக் குடும்பமாகக் கூப்பிடலாம், பிள்ளைகளைக் கூப்பிடலாம், கல்யாணம் கட்டிய தம்பியைக் கூப்பிட முடியாது. தம்பி என்பவன் குடும்பத்தில் சேர்த்தியில்லையாம். ஆனால் வேலைக்குக் கூப்பிடலாம். இங்கே ஆள் கிடைக்காத வேலை என்று காட்டினால் சாரதியை வெளிநாட்டிலிருந்து எடுக்க அனுமதி உண்டு. விசா அலுவல்கள் பார்க்கிற எங்கள் ஆள் ஒருவர் இதைச் சொன்னதும், எனக்கு அன்று இரவே அவனுக்குக் கட்டில் வாங்கவேண்டும் போலிருந்தது.

விசாக்காரர் கையை உயர்த்தி என்னை அடக்கினார்.

"அக்கா, சொந்தக்காரன் எண்டு குறைச்சுக் குடுக்கேலாது. மொன்ட்ரியாலில இந்த லொறி ஓடுற ஆக்களுக்கு என்ன சம்பளம் நடக்குதோ, அதைக் குடுக்கவேணும். ஒரு சதம் குறைஞ்சாலும் அடுத்த முறை பேர்மிட் வராது."

அதற்கு அவர் சொன்ன பெயர் நடப்புச் சம்பளம். தொகையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எனக்கே நான் அவ்வளவு எடுக்கிறேல்லையே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உம்மட தம்பிக்கு முதலாளியை விடச் சம்பளம்" என்றார்.

எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தவள். கொலர் தைத்துத் தைத்து விரல் மரத்துப்போகும். வெள்ளிக்கிழமை மேலாளர் கையில் திணிப்பதுதான் சம்பளம். ஏன் குறைகிறது என்று கேட்டால் கதவைக் காட்டுவான். கதவுக்கு வெளியே என்னைப்போல இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள். அப்படி இருந்தவளுக்கு, ஆளைக் கூப்பிட்டு ஏமாற்றாதே என்று ஒரு அரசாங்கம் எழுதி வைத்திருப்பது பெரிய விஷயமாகத் தெரிந்தது. இவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், சதம் பிசகக்கூடாது என்று. சம்பளம் போடுகிற வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

சட்டப்படி பத்திரிகையில் விளம்பரம் போட்டோம். ஒரே ஒரு ஆள் வந்தான். லொறியைச் சுற்றிப் பார்த்தான், ஹீட்டர் வேலை செய்யுமா என்று கேட்டான், ஒரு மாதிரி வேலை செய்யும் என்று இவர் உண்மையைச் சொல்ல, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான். சில மாதங்களில் தம்பிக்கு அனுமதி வந்தது.

வந்தான். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும், "அக்கா, நல்லாக் கொழுத்திட்டியள்" என்றான். பத்து வருடம் கழித்துக் கண்ட அக்காவிடம் சொன்ன முதல் வார்த்தை அது. நான் அழுதுகொண்டே அவனுடைய தலையில் ஒரு குட்டுப் போட்டேன்.

பாலைவனத்தில் ஓட்டியவனுக்குப் பனியில் ஓட்டப் பயமாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் வழுக்குகிற தெருவில் சிரித்துக்கொண்டு ஓட்டினான். மணலும் இப்படித்தான் காலை வாரும் என்றான். இங்கத்தைய லைசன்ஸ் எடுத்தான். சந்தையில் போன்ஷூர் சொன்னான், மெர்சி சொன்னான், பிரெஞ்சில் பெட்டி எண்ணப் பழகினான். ஜான்-டலோனில் தக்காளிக் கடை வைத்திருந்த இத்தாலியக் கிழவிக்கு அவனைக் கண்டால் போதும், அடிபட்ட பீச் பழங்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுவாள். எனக்கு ஒருநாளும் ஒரு வெங்காயம் தந்ததில்லை அவள்.

முதல் சம்பளத்தை நான் வங்கியில் போட்ட அன்று, அவன் வேலை முடிந்து வங்கிக்குப் போய் முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்தான். சப்பாத்தைக் கழற்றி, கை கால் முகம் கழுவி, மாதா படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் வைத்தான். பிறகு சமையலறைக்கு வந்து என் கையில் தந்தான். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"கை ஈரமடா, மேசையில வை" என்றேன்.

"மேசையில வைக்க ஏலாது. கையைத் துடையுங்கோ, நான் நிக்கிறன்" என்றான்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. உழைக்கிற ஆண்கள் சம்பளத்தை உடைக்காமல் வீட்டுப் பெண்ணின் கையில் கொடுப்பார்கள். அப்பா அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா போனபிறகு, மூத்தவள் என்பதால், என் கையில். கல்யாணம் கட்டுகிறவரைக்கும் தம்பியும் அப்படித்தான். கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு கைச்செலவுக்குக் கேட்பான். அதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது என்று நினைக்கிறேன். காசைப்பற்றி இனி யோசிக்க ஒரு ஆள் இருக்கிறாள், தான் போய்ச் சாப்பிடலாம் என்கிற நிம்மதி.

நான் அதைப் பிரித்தேன். ஒரு பங்கு அவனுக்குத் தொலைபேசி அட்டைக்கும் கைச்செலவுக்கும். ஒரு பங்கு மன்னாருக்கு, உண்டியலில். உண்டியல் என்றால் இங்கே ஒரு கடைக்காரரிடம் கொடுத்தால் அங்கே ஒருவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார், நம்பிக்கைதான், துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. மிச்சம் ஒரு நீல நிற பிஸ்கட் டின்னுக்குள். மனைவியும் மகளும் வருகிறபோது டிக்கெட்டுக்கும் குளிர் உடுப்புக்கும் என்று சேர்த்த காசு. எங்கள் வீட்டு வாடகைக்கு அதிலிருந்து ஒரு சதம் எடுத்ததில்லை. அவன் எத்தனையோ முறை சாப்பாட்டுக்கு எடுங்கோ என்று மல்லுக்கட்டினான். நான் அகப்பையைக் காட்டி விரட்டினேன்.

விசாக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். முதல் அனுமதி முடிந்து இரண்டாவது கிடைத்துவிட்டால், மனைவியையும் பிள்ளையையும் எடுக்க வழி பார்க்கலாம். அந்த இரண்டாவது அனுமதிக்காகத்தான் அவன் அந்தக் குளிரில் எழும்பினான். மகள் தொலைபேசியில், அங்கே பனியில் என்ன விளையாட்டு என்று கேட்பாள். அவன் அத்தானுடைய லொறியில் பனி வழிப்பதை ஒரு விளையாட்டாகச் சொல்வான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

புதுப்பிக்க விண்ணப்பித்தபோது, எங்களை நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. சம்பளம் கொடுத்ததற்கு அத்தாட்சியும் கொண்டுவரவேண்டும். எங்களுக்கு ஒரு பயமும் இல்லை. கொடுத்தது கொடுத்ததுதானே. முதல்நாள் சாப்பாட்டு மேசையில் மூவரும் இருந்து கதைத்தோம். வங்கிக் கணக்கில் எல்லாம் இருக்கிறது என்றார் இவர். ஆனால் ஒவ்வொரு முறையும் போட்ட அன்றே முழுவதையும் எடுத்திருக்கிறதே, அதைக் கேட்டால் என்ன சொல்வது என்றேன் நான்.

தம்பிதான் சொன்னான். "டின்னைக் கொண்டுபோய்க் காட்டுவம் அக்கா. காசைக் கண்ணால பாத்தால் நம்புவினம்தானே."

எங்கள் மூவருக்கும் அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. ஒருவருக்கும் வேறு மாதிரித் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பிறத்தியாரின் காசைத் தொடாமல் வைத்திருக்கிறோம் என்பதைவிட நேர்மைக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும். நான் டின்னை ஈரத்துணியால் துடைத்து ஒரு பையில் வைத்தேன்.

அதிகாரி என் வயதுப் பெண். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். மேசையில் பிள்ளைகளின் படம் வைத்திருந்தாள். ஒரு தொலைபேசியின் ஒலிபெருக்கியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார், சென்னைத் தமிழ். கணக்குத் தாள்களைப் பார்த்துவிட்டு அவள் முதலில் கேட்டதே நான் பயந்த கேள்விதான். சம்பளம் வந்த அன்றே முழுவதும் எடுக்கப்பட்டிருக்கிறதே, அது எங்கே போகிறது.

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்காட்டக் குடுத்திடுவன்" என்றான், பெருமையாக. பையைத் திறந்து டின்னை எடுத்து அவளுடைய மேசையில் வைத்து மூடியைக் கழற்றினான். இருபது டொலர் நோட்டுகள், இறப்பர் பாண்ட் போட்டபடி, பிஸ்கட் வாசனையோடு. "எல்லாம் அக்கா வச்சிருக்கிறா. ஒண்டும் தொடேல்லை."

அதிகாரி டின்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் முன்பு பார்த்திருக்கிறேன், அந்தத் தையல் தொழிற்சாலை மேலாளரை நாங்கள் பார்த்த பார்வை அது. உங்களுக்கு முதலாளி என்ன முறை என்று என்னிடம் கேட்டாள். வீட்டுக்காரர் என்றேன். மெல்லத் தலையாட்டிவிட்டு, என்னையும் இவரையும் வெளியே இருக்கச் சொன்னாள்.

நடைபாதையில் ஒரு நீளமான வாங்கில் உட்கார்ந்திருந்தோம். இவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தம்பி டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தான்.

உள்ளே நடந்ததை லொறியில் வரும்போதுதான் சொன்னான். மூன்று பேரும் முன் இருக்கையில், அவன் நடுவில், மடியில் டின்.

"நல்ல மனிசி அக்கா. பயப்பிடாதேங்கோ, இஞ்ச உங்களுக்கு ஒண்டும் நடக்காது எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னவ. நான் ஏன் பயப்பிடவேணும்? சாப்பாடு தாறினமோ, கதவு பூட்டுறவையோ, பாஸ்போட் ஆரிட்ட எண்டெல்லாம் கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"பாஸ்போட் அக்காட்ட எண்டன். நீங்கள்தானே அலுமாரியில வச்சனீங்கள்."

இவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். தம்பி கவனிக்கவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளரைப்போலக் குரலை மாற்றிப் பகிடி பண்ணினான். "'இந்தப் பணத்தை இப்பவே நீங்க எடுத்துக்கிட்டுப் போக முடியுமா சார்? அவங்க வீட்டுக்குத் திரும்பாம வேற எங்கயாச்சும் போய்த் தங்க முடியுமா?' எண்டு கேட்டவர் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது."

"என்னடா சொன்னனி?"

"அக்காட்டக் கேக்காமல் எப்பிடி எண்டன்."

அவன் என் முகத்தைப் பார்த்து, இவரின் முகத்தைப் பார்த்து, மெல்லச் சிரிப்பை நிறுத்தினான். பிழையாகச் சொல்லிட்டனா என்று கேட்டான். இல்லை என்றேன். பிழையாக எதுவும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரும் பிழை விடவில்லை, ஒவ்வொரு சொல்லையும் உள்ளபடி ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார். எல்லாமே சரியாகச் சொல்லப்பட்டு, சரியாகக் கேட்கப்பட்டு, எங்கள் தலையில் விழுந்தது.

மறுப்புக் கடிதம் வந்தது. வங்கியில் காட்டிய சம்பளம் உண்மையில் சாரதியின் கைக்குப் போகவில்லை, முதலாளியின் வீட்டுக்கே திரும்பிப் போகிறது, ஆகவே நடப்புச் சம்பளம் கொடுக்கப்பட்டதாகக் கொள்ளமுடியாது. விசாக்காரர் அதை வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டின்னை ஏன் கொண்டுபோனியள்? என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

மன்னாருக்கு அனுப்பிய காசுக்காவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார். உண்டியலுக்கு எங்கே அத்தாட்சி. கடைக்காரரிடம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டேன், தன் பெயரை இழுக்கவேண்டாம் என்று கும்பிட்டார். மறுப்பை மாற்றச்சொல்லித் திரும்ப எழுதிப் பார்த்தோம். அவனே தன் கைப்பட எழுதினான், என் அக்கா நல்லவர் என்று. அக்காவுக்குப் பயந்து எழுதியதாகத்தான் அவர்களுக்குப் பட்டிருக்கும்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணைத் திட்டவேண்டும் போலிருந்தது, அதற்கும் மனம் வரவில்லை. ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வருகிற ஒரு சமையல்காரரை எனக்குத் தெரியும். அவருடைய முதலாளி, நம்முடைய ஆள்தான், வங்கியில் போடுவதைப் போட்டுவிட்டுப் பாதியைப் பின்கதவால் திருப்பி வாங்கினான். அந்த மனிதரிடம் யாராவது இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டிருந்தால் அவர் அழுதிருப்பார். அவருக்காக வைத்த கேள்விதான் என் தம்பியிடம் கேட்கப்பட்டது. அவனைக் காப்பாற்றத்தான் அவள் பார்த்தாள். என்னிடமிருந்து.

வேலை செய்ய அனுமதி இல்லாமல் சில மாதம் வீட்டில் இருந்தான். வேறு முதலாளி தேடினோம், இவ்வளவு பேப்பர் அலுவலுக்கு யார் மினக்கெடுவார்கள். இவர் தனியே இரண்டு பேரின் ஓட்டத்தையும் ஓடினார். தம்பி யன்னலால் லொறி போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சாப்பாட்டில் இரண்டாவது கரண்டி போடப் போனால் கையால் மறைப்பான். சம்பளம் தராமல் என் வீட்டில் சாப்பிடுவது அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் எதுவும் செய்ய முடியவில்லை.

அகதியாகக் கேள் என்றேன். ஊரில் திரும்பச் சண்டை மூண்டிருந்த நேரம், கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் கூடும். கெஞ்சினேன், ஏசினேன், இரண்டு நாள் கதைக்காமல்கூட இருந்தேன்.

"எத்தினை வருசம் எடுக்கும் அக்கா?" என்று கேட்டான்.

"மூண்டு, நாலு. சொல்லேலாது."

"அதுவரைக்கும் வெளிய போகேலாது. அவையளும் வரேலாது. பிள்ளை என்னை மறந்திடும்." பிறகு, "திரும்ப வளைகுடாவுக்குப் போனால் ரெண்டு வருசத்துக்கொருக்காவாவது ஊருக்குப் போய்ப் பாக்கலாம்" என்றான்.

வளைகுடாவில் அவனுடைய பழைய அறைக் கூட்டாளி விசா ஒழுங்கு செய்துவிட்டான். அதே பழைய வேலை, நடைக் கணக்கு. விமான நிலையத்தில் டின்னில் இருந்ததை மாற்றி அவனுடைய சட்டைப்பையில் வைக்கப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினான்.

"உங்களிட்டயே இருக்கட்டும். பேந்து எப்பிடியும் வருவன்தானே, அப்ப டிக்கெட்டுக்கு."

வந்தபோது என்னைப் பார்த்துக் கொழுத்திட்டியள் என்றவன், போகும்போது இளைச்சிட்டியள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன்பிறகு நான்தான் இவருடன் லொறியில் போனேன், பெட்டி எண்ண. ஜான்-டலோனில் அந்தத் தக்காளிக் கிழவி ஒவ்வொரு முறையும் கேட்பாள், சிரிக்கிற பையன் எப்போது வருவான் என்று. பியான்தோ, சீக்கிரம், என்பேன். ஒரு பகல், சோளக் காலம், அவளுடைய கடைக்கு முன்னால் நிற்கும்போது கைத்தொலைபேசி அடித்தது. வளைகுடா இலக்கம். நான் தம்பி என்று நினைத்து எடுத்தேன். என்னடா, இப்பதான் நினைப்பு வந்ததோ என்றேன்.

கூட்டாளிதான் கதைத்தான். முதலில் அழுதான். தம்பியின் லொறி பாதையை விட்டு விலகிப் போய் உருண்டுவிட்டது. எதிரில் வாகனம் எதுவும் இல்லை, நேரான பாதை. முதல்நாள் காலையிலிருந்து இறங்காமல் ஓடியிருக்கிறான். விடுமுறைக்கு ஊருக்குப் போகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தானாம், மகள் கோயிலில் முதல்நன்மை எடுக்கிற நாளுக்கு நிற்கவேண்டும் என்று. நித்திரை தூங்கியிருக்கவேண்டும் அக்கா, என்றான்.

நான் சோளக் குவியலின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. இவர் ஓடிவந்தார். கிழவி எதையும் கேட்காமலே தன் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள்.

சில நாள் கழித்துக் கூட்டாளி மறுபடி எடுத்தான். முதலாளி சம்பளத்தைத் தீர்த்துவிட்டானாம். ஓடிமுடித்த நடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தான். கடைசி நடைக்கு மட்டும் இல்லை.

"ஏன்?" என்று கேட்டேன்.

"அது முடியேல்லைத்தானே அக்கா. போய்ச் சேந்தால்தான் காசு."

அந்த ஒரு வசனத்தை நான் இன்றுவரை விழுங்கவில்லை. ஒரு சதம் குறையக்கூடாது என்ற ஊரிலிருந்து, செத்துப்போன நடைக்குக் காசில்லை என்ற ஊருக்கு என் தம்பி போனான். என்னிடமிருந்து அவனைக் காப்பாற்றி அங்கே அனுப்பினார்கள். நல்ல சட்டம் அது. இப்போதும் சொல்கிறேன், நல்ல சட்டம். அது என் தம்பியைத் தின்றுவிட்டது.

டின்னில் இருந்ததை அவனுடைய மனைவிக்கு அனுப்பவேண்டும் என்று தொலைபேசி எடுத்தேன். வேண்டாம் என்றாள்.

"ஆம்பிளை இல்லாத வீட்டில இவ்வளவு காசு வச்சிருக்கப் பயமாக் கிடக்கு மச்சாள். நாளைக்கு இஞ்ச இருப்பமோ, வேற எங்க ஓடுவமோ தெரியாது. அவர் உங்களிட்டத்தானே தந்தவர். உங்களிட்டயே இருக்கட்டும். பிள்ளைக்குத் தேவைப்படேக்க குடுங்கோ."

மாதாமாதம் எங்களுடைய காசில் அவர்களுக்கு அனுப்பினோம். டின்னை நான் திறக்கவில்லை. அலுமாரியில், அவனுடைய பழைய குளிர்ச் சட்டைக்குக் கீழே இருந்தது. அந்த அதிகாரி எழுதியது கடைசியில் உண்மையாகிவிட்டது என்று சிலநேரம் நினைத்துக்கொள்வேன். சாரதியின் சம்பளம் முதலாளியின் வீட்டில்தான் இருந்தது.

போர் முடிந்த வருடம், மகள் பெரிய பள்ளிக்கூடம் மாறினாள். விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். சைக்கிள் வேண்டும், புத்தகம் வேண்டும். தாய் எதையும் கேட்கிறவள் இல்லை என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிள்ளையையே தொலைபேசிக்குக் கூப்பிட்டேன். குரல் அப்படியே அவனுடையது, கொட்டாவி மட்டும் இல்லை.

"மாமி, அப்பா ஏன் சம்பளத்தை உங்களிட்டத் தந்தவர்?" என்று கேட்டாள். தாய் சொல்லியிருக்கிறாள் போல.

அதே கேள்வி. அந்த மேசையில் கேட்ட அதே கேள்வியை இவ்வளவு காலம் கழித்து அவனுடைய பிள்ளை கேட்கிறாள். அன்று என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நான் எத்தனையோ முறை யோசித்து வைத்திருந்தேன். அவை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"உனக்குத்தான் பிள்ளை" என்றேன். "உனக்கெண்டு சேத்தவர். எல்லாம் உன்ர காசு. எவ்வளவு வேணும் எண்டு சொல்லு, மாமி நாளைக்கே அனுப்பிறன். ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்லை."

அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்பு, நான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டதைப்போல.

"அம்மாட்டக் கேக்காமல் எப்பிடி மாமி?" என்றாள்.